21 ஆண்டுக்கு ஒரு கையெழுத்து

பனவடலிசத்திரத்திலிருந்து வடகிழக்கே போனால் கோவில்பட்டி. தீப்பெட்டிக்கும் கடலைமிட்டாய்க்கும் பேர்போன ஊர். ஹாக்கிக்காரர்களிடம் கேட்டால் இந்த இரண்டையும் விட்டுவிட்டு லட்சுமி அம்மாள் நினைவுக் கோப்பையைத்தான் சொல்வார்கள். அந்த அகில இந்தியப் போட்டிக்கு வரும் அணிகளில் பெரும்பாலானவை அலுவலகங்களின் பெயரில் இருக்கும்: ரயில்வே, வங்கி, எண்ணெய் நிறுவனம், ராணுவம். கனடாவிலோ ஐரோப்பாவிலோ இப்படி ஒரு பட்டியலைப் பார்ப்பது அரிது. இளம் ஆட்டக்காரனைப் பல ஆண்டுகளுக்குப் பிடித்து வைத்துக்கொள்ளும் ஒப்பந்தம் அங்கே ஒரு வழியில் போனது, நம் ஊருக்கு வேறு வழியில் வந்து சேர்ந்தது. அணிப் பட்டியலில் தெரிவது அந்த வித்தியாசம்தான்.

இந்தப் பயணத்தை நியூயார்க்கில் தொடங்கலாம். டேவிட் டட்லி ஃபீல்டு என்ற வழக்கறிஞர் 1865-இல் அந்த மாநிலத்துக்கு ஒரு சிவில் சட்ட வரைவை எழுதி முடித்தார். ஒருவரைத் தன் தொழிலைச் செய்யவிடாமல் தடுக்கும் ஒப்பந்தம் செல்லாது என்பது அதில் ஒரு விதி. நியூயார்க் அந்த வரைவைச் சட்டமாக்கவே இல்லை. ஆனால் கலிபோர்னியா எடுத்துக்கொண்டது, கல்கத்தாவில் இருந்த பிரிட்டிஷ் ஆட்சியும் எடுத்துக்கொண்டது. 1872-இன் இந்திய ஒப்பந்தச் சட்டத்தில் 27-ஆம் பிரிவாக இன்றும் இருப்பது அதுதான். எழுதியவரின் மாநிலம் ஏற்காத விதி, கடல் கடந்து வந்து நம்மிடம் நிலைத்துவிட்டது.

அதே அமெரிக்காவில் ஏழு ஆண்டு கழித்து நேர் எதிரான ஒன்று முளைத்தது. 1879 செப்டம்பரில் பேஸ்பால் கழக முதலாளிகள் பஃபலோ நகரில் கூடினார்கள். ஆட்டக்காரர்கள் ஆண்டுதோறும் கூடுதல் சம்பளம் கொடுக்கும் கழகத்துக்குத் தாவிக்கொண்டிருந்தது அவர்களுக்குத் தலைவலி. ஒவ்வொரு கழகமும் ஐந்து பேரைக் குறித்துக்கொள்ளும், அந்த ஐவரை மற்றவர்கள் தொடக்கூடாது என்று தங்களுக்குள் பேசி முடித்தார்கள். சம்பந்தப்பட்ட ஆட்டக்காரர்களை யாரும் கேட்கவில்லை. ஐந்து என்பது சில ஆண்டுகளிலேயே கிட்டத்தட்ட அணி முழுவதுமாக வளர்ந்தது. 1893-இல் இங்கிலாந்துக் கால்பந்தும் இதன் உறவுமுறையான ஏற்பாடு ஒன்றுக்கு வந்தது. ஒப்பந்தக் காலம் முடிந்தாலும் பழைய கழகம் விடுவித்தால் ஒழிய வேறு கழகத்தில் ஆட முடியாது. அந்தக் கட்டு நீதிமன்றத்தில் தளர 1963 ஆயிற்று.

கட்டுவது சரி, எந்த வயதில் கட்டுவது? இதற்கு நம் பக்கம் 1903-இலேயே பதில் வந்துவிட்டது. கல்கத்தாவில் தர்மதாஸ் கோஷ் என்ற சிறுவன் வயது வராத நிலையில் ஒரு வட்டிக்கடைக்காரரிடம் சொத்தை அடமானம் வைத்தான். வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போனது. வயது வராதவர் செய்யும் ஒப்பந்தம் ஆரம்பத்திலிருந்தே செல்லாது என்று தீர்ப்பாயிற்று. இன்றைக்கு விளையாட்டு விடுதியில் இருக்கும் பதினாறு வயதுப் பையன் தன் பெயரில் போடும் கையெழுத்து அவனைக் கட்டுப்படுத்தாது என்பதற்கு, ஆட்டத்தோடு எந்தச் சம்பந்தமும் இல்லாத அந்த அடமானப் பத்திரம்தான் காரணம்.

கனடாவில் அப்படி இல்லை. 1917-இல் மாண்ட்ரியல் நகர ஓட்டல் ஒன்றில் தேசிய ஹாக்கி லீக் உருவானது. நம் ஹாக்கியின் பங்காளியான ஐஸ் ஹாக்கிக்கு உரியது அது. ஊர் ஊராகச் சிறுவர் அணிகளுக்குப் பணம் கொடுத்து, பதின்வயதுப் பையன்களிடமே கையெழுத்து வாங்கி வைப்பது அங்கே வழக்கமாக இருந்தது. பாரி சவுண்ட் என்ற சிற்றூரின் பாபி ஓர் 1962-இல் பாஸ்டன் புருயின்ஸ் அணிக்குக் கையெழுத்திட்டபோது அவருக்கு வயது 14. கிடைத்தவற்றில் கொஞ்சம் ரொக்கத்தோடு வீட்டுச் சுவருக்குப் பூச்சு வேலையும் உண்டு. பிற்காலத்தில் உலகின் தலைசிறந்த தடுப்பாட்டக்காரர் என்று பெயரெடுத்தவரின் இளமைக்கு விலை, ஒரு வீட்டின் வெளிப்பூச்சு! அந்தக் குடும்பத்துக்கு அது பெரிய உதவிதான், மறுக்கவில்லை. பேரம் பேசத் தெரிந்தவர் எவரும் அந்த வீட்டில் இல்லாததுதான் எனக்கு உறுத்துகிறது.

நான்கு ஆண்டு கழித்து அவர் வழக்கறிஞர் ஆலன் ஈகிள்சனைக் கூட்டிக்கொண்டு பேச்சுவார்த்தைக்கு வந்தார். முகவர் என்ற ஆள் ஐஸ் ஹாக்கிக்குள் நுழைந்து நிலைபெற்றது அப்போதுதான். நல்ல திருப்பம் என்று சொல்லத் தோன்றும். ஆனால் 1976-இல் பாஸ்டன் அணி தன் உரிமையிலேயே 18.5 சதவீதம் தர முன்வந்ததை பாபி ஓரிடம் ஈகிள்சன் சொல்லவே இல்லை. 1998-இல் மோசடிக் குற்றத்தை ஒப்புக்கொண்டு சிறைக்கும் போனார். முகவரை நம்பிக் கண்ணை மூடிக்கொண்டால் என்ன ஆகும் என்பதை ஹாக்கி உலகம் அவரிடம்தான் கற்றது.

இடையில் 1972-இல் போட்டி லீக் ஒன்று பிறந்து பேரத்தையே புரட்டிப்போட்டது. இன்னொரு கடை திறந்ததால் ஆட்டக்காரர்களுக்கு விலை கூடியது. வேய்ன் கிரெட்ஸ்கிக்கு வாசல் திறந்ததும் அந்த லீக்தான். 1978-இல் அவருக்கு வயது 17, பெரிய லீக்கில் ஆடும் வயது ஆகவில்லை. நெல்சன் ஸ்கால்பானியா என்ற தொழிலதிபர் தன் சொந்த விமானத்தில் அவரை ஏற்றிக்கொண்டு பறந்தார். பறக்கும்போதே ஒப்பந்தம் பேசி முடிந்தது. வாசகங்களைத் தன் கையாலேயே தாளில் எழுதினார் கிரெட்ஸ்கி. ஒப்பந்தம் அணியோடு அல்ல, அந்தத் தனி மனிதரோடு. அதனால் சில மாதங்களில் அவரை ஒட்டுமொத்தமாக எட்மண்டன் அணி உரிமையாளருக்கு விற்க முடிந்தது. 1979 ஜனவரி 26, கிரெட்ஸ்கியின் பதினெட்டாம் பிறந்தநாள். மைதானத்தின் நடுவில் மேசை போட்டு, ரசிகர்கள் பார்க்க, 1999 வரை செல்லும் 21 ஆண்டு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார். 1988-இலேயே எட்மண்டன் அவரை லாஸ் ஏஞ்சலிஸுக்குக் கொடுத்துவிட்டது. இரு தரப்பும் போட்ட கையெழுத்தில் நகராமல் இருக்க வேண்டிய கடமை ஆட்டக்காரருக்கு மட்டும்தான் இருந்தது போலும். அவர் ஓய்வு பெற்றது மட்டும் தற்செயலாக 1999-இல்.

21 ஆண்டு என்று வியக்கிறோம். தியான் சந்த் 1922-இல் சிப்பாயாகச் சேர்ந்து 1956-இல் மேஜராக ஓய்வு பெற்றார். மொத்தம் 34 ஆண்டு. மூன்று ஒலிம்பிக் தங்கங்களும் அந்த ராணுவச் சம்பளத்தில் வந்தவை. அந்த மாதிரியை ரயில்வேயும் வங்கிகளும் பொதுத்துறை நிறுவனங்களும் பின்பற்றின. மத்திய அரசு 1980-இல் விளையாட்டு வீரர்களை வேலைக்கு எடுக்கும் நெறிமுறைகளைத் தொகுத்து ஆணையிட்டது. ஃபார்ம் 1 சர்வதேசப் போட்டிக்கு, ஃபார்ம் 2 தேசியப் போட்டிக்கு என்று சான்றிதழ்களுக்கு அன்று வந்த எண்கள்தான் இன்றும் நம் வீடுகளில் புழங்குகின்றன. கையில் ஸ்டிக், பையில் பிளாஸ்டிக் உறை போட்ட ஃபார்ம் 2, மனதில் அப்பாயின்ட்மென்ட் ஆர்டர். இந்தியாவில் இளம் ஹாக்கி வீரனின் நீண்டகால ஒப்பந்தம் அந்த ஆர்டர்தான். முழங்கால் போனாலும் மேசை வேலை இருக்கும், ஓய்வு வயதுவரை சம்பளம் வரும்.

மேற்கே அந்தப் பாதுகாப்பைப் பணமாக வாங்கப் பார்த்தார்கள். 2006-இல் நியூயார்க் ஐலண்டர்ஸ் அணி, 24 வயதுக் கோல்காப்பாளர் ரிக் டிபியட்ரோவுக்கு 15 ஆண்டும் 6.75 கோடி டாலரும் எழுதிக் கொடுத்தது. காயத்துக்கு மேல் காயம். 2013-இல் அணி அவரை விடுவித்து, ஆண்டுக்கு 15 லட்சம் டாலர் வீதம் 2029 வரை கொடுக்கச் சம்மதித்தது. இன்னொரு அணி 2010-இல் இலியா கோவல்சுக்குக்கு 17 ஆண்டு கொடுக்கப் போனது. சம்பள உச்சவரம்பை ஏய்க்கும் வழி என்று நடுவர் அதை ரத்து செய்தார். 2013-இல் சொந்த ஆட்டக்காரருக்கு 8 ஆண்டு, வெளியாருக்கு 7 ஆண்டு என்று எல்லை போட்டார்கள். 2017-இல் இருபது வயது கானர் மெக்டேவிட் அந்த எட்டையும் முழுசாக வாங்கிக்கொண்டார், 10 கோடி டாலருக்கு.

டிபியட்ரோ கையெழுத்திட்ட அதே 2006-இல் டெல்லியில் ஃபீல்டின் பழைய விதிக்கு வேலை வந்தது. கிரிக்கெட் வீரர் ஜாகீர் கானின் விளம்பர ஒப்பந்தங்களைப் பார்த்துக்கொண்ட பர்செப்ட் டி'மார்க் நிறுவனம், தன் காலம் முடிந்த பிறகும் முதல் வாய்ப்பு தனக்கே என்று ஒரு நிபந்தனையைக் காட்டியது. காலம் முடிந்தபின் ஒருவரைக் கட்டிவைக்கும் நிபந்தனை 27-ஆம் பிரிவின்படி செல்லாது என்றது உச்ச நீதிமன்றம். பஃபலோவில் பிறந்த ஏற்பாடு இந்திய மண்ணில் அப்படியே வேர்விட முடியாது என்பதற்கு இதைவிடத் தெளிவான தீர்ப்பு வேண்டாம்.

பிறகு ஏலம் வந்தது. 2008-இல் ஐ.பி.எல். கிரிக்கெட் வழி காட்ட, 2012 டிசம்பரில் ஹாக்கி இந்தியா லீக் முதல் ஏலத்தை நடத்தியது. சர்தார் சிங்கை டெல்லி அணி 78,000 டாலருக்கு எடுத்தது. 2017-க்குப் பின் நின்றுபோன லீக், 2024 அக்டோபரில் மறுபடி ஏலத்தோடு எழுந்தது. அந்த ஏலத்தில் அடிப்படை விலை 2, 5, 10 லட்சம் ரூபாய். அணிக்கு 24 பேர், அதில் 4 பேராவது ஜூனியர்கள். ஹர்மன்பிரீத் சிங் 78 லட்சத்துக்குப் போனார். கோவில்பட்டி விடுதியில் பயின்று, 2022 ஆசியக் கோப்பையில் பாகிஸ்தானுக்கு எதிரான தன் முதல் சர்வதேச ஆட்டத்திலேயே கோல் போட்ட அரியலூர் கார்த்தி செல்வம், தமிழ்நாடு டிராகன்ஸுக்கு வந்தார்.

ஜூனியருக்கு இடம் கட்டாயம் என்றது நல்ல விதி. ஆனால் ஏல மண்டபத்தில் பேரம் பேசுவது அணிகள் தங்களுக்குள். பையனுக்கு அங்கே வாய் இல்லை. விலை சொல்கிறார்கள், எத்தனை ஆண்டு என்று அவன் கேட்க முடியாது. லீக் நடப்பது ஆண்டுக்கு ஒரு மாதத்தை ஒட்டி. மற்ற பதினொரு மாதம் அவனுக்குச் சோறு போடுவது துறைதான். இருபத்தொன்றுக்குக் கீழே உள்ளவர்களுக்கு மட்டுமாவது மூன்று ஆண்டு உறுதியும், காயம் பட்டால் முழுச் சம்பளமும் எழுதிக் கொடுக்க லீக்கால் முடியும். அதுவரை பனவடலிசத்திரத்துப் பையனுக்கு ஏலத்தைவிட ரயில்வே டிரையல்ஸ் தேதிதான் முக்கியம். ஆர்டர் வாங்கிய பிறகு ஏலத்துக்குப் பெயர் கொடுப்பதென்றால், துறையிடம் அனுமதிக் கடிதம் கிடைக்குமா என்பதைச் சேரும்போதே கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும்.