கெரவும் செருப்பும்

வேப்பனப்பள்ளிப் பக்கம் காலில் போடுவதற்கு மூன்று மொழியில் பெயருண்டு. தமிழில் செருப்பு, தெலுங்கில் செப்பு, பழைய கன்னடப் பேச்சில் கெர. மூன்றும் ஒரே வேர். கன்னடத்தின் 'கிவி' நமக்குச் 'செவி' ஆவதுபோல, அங்கே ககரம், இங்கே சகரம்.

இவ்வளவு பழைய சொல்லை அருங்காட்சியகப் பெயர்ச்சீட்டில் எழுதக் கை கூசுகிறது, 'காலணி' என்கிறார்கள். வசைக்கும் அடிக்கும் பயன்பட்டதில் செருப்பின் மானம் போய்விட்டது, பாவம்! பதிற்றுப்பத்தில் அதே பெயரில் ஒரு மலையே இருக்கிறது.

தோல் செருப்புக்குப் பெரும்பாணாற்றுப்படை தரும் பெயர் 'தொடுதோல்'. தொடுதல் என்றால் அங்கே அணிதல். இன்று விரலால் தொடுவது மட்டுமே மிஞ்சியிருக்கிறது. ஈழத்தார் பேச்சில் வாழும் 'சப்பாத்து' போர்த்துகீசியர் விட்டுப்போன 'சபாத்து'.

டொராண்டோவில் 1995இல் திறந்த பாட்டா காலணி அருங்காட்சியகத்தில் இந்தியப் பாதுகைகளும் உண்டு. கட்டைவிரலிடுக்கில் குமிழ் பிடிக்கும் அந்த மரவகைக்கு 'மிதியடி' பொருந்தும். 'காலணி' எல்லாவற்றுக்கும் பொதுப்பெயராக இருந்துவிட்டுப் போகட்டும். குத்தூசியால் துளையிட்டுக் கையால் தைத்த தோலுக்கு, சீட்டு எழுதுவோரே, செருப்பு என்றே எழுதுங்கள்.