இண்டியா, நடுத்தர முதலீடா? – 'ராஜி'யை முன்வைத்து ஒரு மறுப்பு

வீடியோ கேம்களில் 'இண்டி' எது என்ற விவாதத்தில் விளையாட்டு ஆய்வாளர் ஜெஸ்பர் யூலின் 'ஹேண்ட்மேட் பிக்சல்ஸ்' (2019) நூலைத் தவிர்க்க முடியாது. பணம், அழகியல், பண்பாடு என மூன்று வகைச் சுதந்திரங்களை அவர் பிரித்துக் காட்டுகிறார். 1999இல் தொடங்கிய இண்டிபெண்டன்ட் கேம்ஸ் ஃபெஸ்டிவலின் வரலாற்றைக் கொண்டு, இன்றைய தொழில்நுட்பத்தால் பழைய, எளிய காட்சிமுறையைப் போலச் செய்வதே இண்டி பாணி என்கிறார். அந்த விழாவுக்கு இது பொருந்தலாம். இந்தியாவுக்குப் பொருந்தாது என்பதே என் வாதம்.

ஹைதராபாத்தின் ஆரோனா நிறுவனம் உருவாக்கிய 'ஹனுமான்: பாய் வாரியர்' 2009இல் பிளேஸ்டேஷன் 2க்கு வந்தது. பிளேஸ்டேஷன் 3 இந்தியாவுக்கு வந்து அப்போது இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. ஆனால் டெல்லி பாலிகா பஜார் போன்ற சந்தைகளில் வாங்குவோர் கைக்கு எட்டியது பழைய இயந்திரம்தான். இங்கே எளிய காட்சிமுறை, கலைஞர் விரும்பித் தேர்ந்த பாணியன்று. சந்தை விதித்த எல்லை. வெளியிட்டதோ சோனி. யூலின் அளவுகோலை வைத்தால் தோற்றத்தில் இண்டிக்கு அருகில் நிற்கும் இந்த விளையாட்டு, பணத்தில் அதற்கு நேர் எதிரில் நிற்கிறது.

'ராஜி: ஆன் ஏன்ஷியன்ட் எபிக்' இதன் மறுதலை. புனேயின் நாடிங் ஹெட்ஸ் கேம்ஸ் அதை அன்ரியல் என்ஜினில் உருவாக்கியது. பஹாரி ஓவியத்தின் சாயலும், கதை சொல்லும் நிழற்பாவைக் காட்சிகளும் கொண்ட அதன் தோற்றத்தில் பழைய தொழில்நுட்பத்தின் பாவனை எதுவும் இல்லை. 2017இல் கிக்ஸ்டார்ட்டரில் பணம் திரட்டும் முயற்சி தோற்றது. பிறகு சூப்பர்.காம் வெளியீட்டாளராக வந்தது. 2020 ஆகஸ்ட் 18 அன்று நிண்டெண்டோ தன் 'இண்டி வேர்ல்ட்' நிகழ்ச்சியில் இதை அறிமுகப்படுத்தியது; அன்றே இது ஸ்விட்ச்சில் வெளியானது.

ஒரு பாடவேறுபாட்டை இங்கே நின்று பார்க்க வேண்டும். அதே ஆண்டு டிசம்பரில் நடந்த கேம் அவார்ட்ஸ் விருது விழாவின் அறிமுகப் படைப்புக்கான பிரிவில் ராஜி பரிந்துரைக்கப்பட்டது. 2018இல் 'பெஸ்ட் டெபுட் இண்டி கேம்', 2019இல் 'ஃப்ரெஷ் இண்டி கேம்' என்றிருந்த அந்தப் பிரிவு 2020இல் வெறும் 'பெஸ்ட் டெபுட் கேம்'. அடுத்த ஆண்டே 'இண்டி' திரும்பிவிட்டது. இது தற்செயலாகவும் இருக்கலாம். ஆயினும், நான்கு மாத இடைவெளியில் ஒரே விளையாட்டு ஓரிடத்தில் இண்டியாகவும் மற்றோரிடத்தில் அடைமொழியின்றியும் நின்றது. வகைப்பெயரைச் சூட்டுவது மேடைதான், படைப்பின் பாணியன்று என்பதற்கு இதைச் சான்றாகவே கொள்கிறேன்.

இண்டி இல்லையென்றால் நடுத்தர முதலீடு எனலாமா? டெல்லியின் அரசு ஆவணங்களில் 'நடுத்தரம்' உண்டு, ஆனால் அது நிறுவனத்தை அளப்பது. 2020இன் எம்எஸ்எம்இ (குறு, சிறு, நடுத்தரத் தொழில்) வரையறைப்படி 60 கோடி ரூபாய் விற்றுமுதல் நடுத்தரம். 2025 ஏப்ரல் முதல் சிறுதொழிலின் வரம்பே 100 கோடி. முதலீட்டு வரம்பும் உயர்ந்தது. ஒரு விளையாட்டுகூடப் புதிதாகச் செய்யாமல் ஒரு ஸ்டுடியோ வகை மாறிவிடலாம். 2025 ஆகஸ்டின் இணையவழி விளையாட்டுச் சட்டமோ பணம் கட்டி ஆடுவதா என்று பார்க்கிறது. தயாரிக்கப் பணம் போட்டவர் யார் என்பது அதன் கேள்வியே அல்ல.

நெக்ஸான் குழுமத்தின் மின்ட்ராக்கெட் உருவாக்கிய 'டேவ் த டைவர்' 2023இல் கேம் அவார்ட்ஸின் சிறந்த இண்டி பட்டியலில் இடம்பெற்றபோது எழுந்த எதிர்ப்பின் மையம் அந்தக் கேள்விதான். பிக்சல் ஓவியம் அதை இண்டியாகக் காட்டியது. பணப்பை வேறு கதை சொன்னது. ஆகவே பாணியைவிட, வெளியீட்டாளரின் பணம் எந்தக் கட்டத்தில் நுழைந்தது என்பதே வலுவான அளவுகோல். ராஜியில் அது கிக்ஸ்டார்ட்டர் தோல்விக்கும் 2020 வெளியீட்டுக்கும் இடைப்பட்டது என்ற அளவில் நிறுத்துகிறேன். விளையாட்டின் வடிவம் முடிவான பிறகே அது வந்ததென்றால் ராஜி இண்டி. அதற்கு முன்பென்றால் நடுத்தர முதலீட்டின் பக்கமே சேர்க்க வேண்டும்.