களரியும் வெண்திரையும்

நாடக ஆராய்ச்சிக்கு வழிகாட்டிய தமிழ் நூல்களுள் விபுலானந்த அடிகளாரின் 'மதங்க சூளாமணி' ஒன்று. மட்டக்களப்பு வாவிக்குத் தெற்கேயுள்ள காரைதீவிற் பிறந்த அடிகளார், 1926ஆம் ஆண்டில் வெளிவந்த அந்நூலிலே, சேக்சுபியர் நாடகங்களையும் சிலப்பதிகார உரையிற் காணும் நாடக இலக்கணத்தையும் ஒருங்கு வைத்து நோக்கினார். கதை யாது என்பதோடு அமையாது, நாடகம் எவ்வாறு அமைக்கப்படுகின்றது என வினவியதே அந்நூலின் சிறப்பு. இவ்வினா திரைப்படத்துக்கும் உரியது.

வாவிக்கரை மக்களுக்குக் காட்சிக்கலை புதிதன்று. வடமோடி, தென்மோடிக் கூத்துக்கள் வட்டக்களரியிலே விடிய விடிய ஆடப்பட்டன. அண்ணாவியாரிடம் பல மாதம் பழகியோர் ஆடினர். அவர்தம் சுற்றத்தாரும் அயலாரும் களரியைச் சூழ அமர்ந்து கண்டனர். ஆடுவோரும் காண்போரும் ஓரூரார். திரைப்படத்தின் முறை வேறு. காண்போர் ஒரு திசை நோக்கியே இருப்பர். கமெரா காட்டியதையே காண்பர். அவர்தம் இருக்கையை நிருணயிப்பது குலமன்று, நுழைவுச்சீட்டின் விலையே. தமிழர் யாவரும் ஒரே கூரையின்கீழ் அமர்ந்த முதல் அரங்கு திரையரங்கே என்னும் கருத்தைப் பேராசிரியர் கா. சிவத்தம்பி 1981இல் வெளியிட்ட நூலில் நிறுவினார். எனவே படத்தை ஆராய்வோர் அதனைக் கண்ட சமூகத்தையும் ஆராய்தல் வேண்டும்.

வாவியை அடுத்த அமிர்தகழியிலே 1939இற் பிறந்தவர் பாலுமகேந்திரா. கித்துல்கலையிலே டேவிட் லீன் 'குவாய் ஆற்றுப் பாலம்' படமாக்கியதைச் சிறுவயதிற் கண்டமையே தம்மை இத்துறைக்கு ஈர்த்ததென அவர் கூறியுள்ளார். பூனாவில் ஒளிப்பதிவு பயின்ற அவர், 1988இல் 'வீடு' என்னும் படத்தைத் தந்தார். நடுத்தரக் குடும்பமொன்று சென்னையிலே வீடு கட்ட முயல்வதே கதை, பாடல்கள் இல்லை. கதையை மட்டும் கேட்போர்க்கு அது சிறிதாகவே தோன்றும். ஆயின், நாடகமேடையிற் பயின்ற சொக்கலிங்க பாகவதர் முதியவராகத் தோன்றி, முடிவுறாத வீட்டின் சுவர்களைத் தடவி மகிழும் காட்சியிலே, உரையாடல் சொல்லாத ஏக்கத்தை ஒளியும் மௌனமும் உணர்த்துகின்றன. இதனை உணரக் கற்பதே திரைப்படக் கல்வியின் தொடக்கம்.

கற்றோர் பலர் ஒருகாலத்திற் கூத்தைப் பாமரர் பொழுதுபோக்கென்று ஒதுக்கினர். பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1962இல் 'கர்ணன் போர்' முதலியவற்றைப் பேராதனைப் பல்கலைக்கழக மாணவரைக் கொண்டு மேடையேற்றிய பின்னரே அந்நோக்கு மாறலாயிற்று. அதற்குமுன் மறைந்த அண்ணாவிமாரோடு மறைந்தவை மீளா. ஈழத்துத் தமிழ்ப் படங்களும் இவ்வாறே புறக்கணிக்கப்பட்டன. யாழ்ப்பாணத்துச் சாதியையும் சீதனத்தையும் காட்டிய தர்மசேன பத்திராஜாவின் 'பொன்மணி' 1977இல் வெளிவந்தபோது திரையரங்குகளில் நிலைபெறவில்லை. ஒரு கலையை நன்றென்றோ தீதென்றோ தீர்ப்பதற்குமுன் அதனைப் பயிலுதல் கற்றோர் கடன். கூத்தின் வகையிற் காலந்தாழ்த்த தவறு, திரைப்படத்தின் வகையிலும் நிகழ்தல் ஆகாது.