குதிருக்குள் ஒரு வயல்

விளைவிக்கும் இடத்துக்கும் விளைந்ததைச் சேமிக்கும் இடத்துக்கும் தமிழில் தனித்தனிச் சொற்கள் உண்டு. வயல், கழனி, செய், தோட்டம் என்பன ஒருபுறம். குதிர், பத்தாயம், களஞ்சியம் என்பன மறுபுறம். குதிருக்குள் இறங்கிய நெல் உறங்கிக் கிடக்க வேண்டும். ஈரம் பட்டு முளைவிட்டால் அந்த வீட்டுக்கு அது இழப்பு. உள்ளே வைத்த பொருள் வைத்தபடியே திரும்பக் கிடைப்பதுதான் சேமிப்பின் இலக்கணம்.

இந்த இலக்கணத்தை மீறிய கட்டடங்கள் கடந்த அறுபது ஆண்டுகளில் சில நாடுகளில் எழுந்தன. சரக்குக் கிடங்கில் பெட்டிகளை அடுக்குவதுபோல் அவற்றுள் ஒன்றன்மேல் ஒன்றாகத் தட்டுகள்; ஒவ்வொரு தட்டிலும் பயிர். தட்டை எடுப்பதும் நகர்த்துவதும் உரிய காலத்தில் அறுவடைக்கு அனுப்புவதும் இயந்திரத்தின் வேலை. 'செங்குத்து வேளாண்மை' என்ற பெயரில் இது இன்று பேசப்படுகிறது. இதன் வரலாற்றைத் தொடர்ந்து படித்து வந்தபோது, இது பயிரின் வரலாறு என்பதைக் காட்டிலும் வெளிச்சத்தின் வரலாறு என்றே எனக்குத் தோன்றியது. பயிர் வெளிச்சத்திடம் போவதா, வெளிச்சம் பயிரிடம் வருவதா என்ற ஒரே கேள்விதான் நெடுங்காலமாக வெவ்வேறு வடிவில் கேட்கப்பட்டு வந்திருக்கிறது.

முதல் விடையை ரோமில் காண்கிறோம். மூத்த ப்ளினி தமது 'இயற்கை வரலாறு' நூலின் 19ஆம் பகுதியில், கி.பி. 14 முதல் 37 வரை ஆண்ட திபேரியஸ் பேரரசனைப் பற்றி ஒரு செய்தி தருகிறார். அம்மன்னனுக்கு வெள்ளரியின்மேல் அத்தனை விருப்பம். அது இல்லாமல் அவனுக்கு ஒரு நாளும் கழிந்ததில்லை. எனவே தோட்டக்காரர்கள் சக்கரம் பொருத்திய பாத்திகளில் அதை வளர்த்தனர். வெயில் உள்ள இடத்துக்குப் பாத்திகளை உருட்டிச் சென்றனர். குளிர்நாட்களில் ஒளி ஊடுருவும் கல்தகடுகளின் காப்புக்குள் அவற்றைக் கொண்டுபோயினர். அந்தக் காய் வெள்ளரியன்று, முலாம்பழ இனத்தைச் சேர்ந்த, நம் கக்கரிக்காய் போன்ற நீண்ட காய் என்று பிற்கால ஆய்வாளர்கள் வாதிட்டுள்ளனர். காய் எதுவாயினும், பயிரை நகர்த்தலாம் என்ற எண்ணம் அன்றே பிறந்துவிட்டது. நகர்த்தியது இயந்திரமன்று, மனிதக் கைகள். ஒரே ஒருவனுடைய உணவுத்தட்டுக்காக எத்தனை கைகள் உழைத்திருக்கும் என்பதை ப்ளினி எழுதவில்லை.

பயிரை மண்ணிலிருந்து பிரிக்க மேலும் பதினெட்டு நூற்றாண்டுகள் ஆயின. 1860ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஜெர்மானியத் தாவரவியலாளர்களான யூலியஸ் ஸாக்ஸும் வில்ஹெல்ம் க்னோப்பும், உப்புகள் கரைத்த நீரிலேயே செடியை வளர்த்துக் காட்டினர். ஆய்வகத்தில் இருந்த அம்முறையைப் பயிர்த்தொழிலாக்க முயன்றவர் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தின் வில்லியம் கெரிக்கி. 'ஹைட்ரோபோனிக்ஸ்' என்ற பெயர் 1937இல் அவர் வழியாகவே பரவியது. பத்திரிகைகள் அதைக் கொண்டாடின. மண்ணில்லா வேளாண்மை உலகின் பசியைத் தீர்த்துவிடும் என்று எழுதின. அதே பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹோக்லண்டும் ஆர்னனும் 1938இல் வெளியிட்ட சிறு கையேடு அந்த ஆரவாரத்துக்கு நடுவே நிதானமான ஒரு குரல். நல்ல மண்ணில் கிடைப்பதைவிட நீரில் மிகுதியாக விளைந்துவிடாது. விளைச்சலுக்கு இறுதி எல்லையை வகுப்பவை பிற காரணிகள், அவற்றுள் முதன்மையானது ஒளி என்பது அவர்கள் கண்ட முடிவு. பின்னால் வந்த பலர் அந்தக் கையேட்டிலிருந்து உப்புக் கரைசலின் அளவுகளை எடுத்துக்கொண்டனர். எச்சரிக்கையை விட்டுவிட்டனர்.

1949இல் கலிஃபோர்னியாவின் பசடீனாவில் ஃப்ரிட்ஸ் வென்ட் என்ற தாவரவியலாளரின் ஆய்வுக்கூடம் திறக்கப்பட்டது. அணுவியலாரின் சைக்ளோட்ரானை நினைவூட்டும் வகையில், பாதி வேடிக்கையாக, அதற்கு 'ஃபைட்டோட்ரான்' என்று பெயர் வந்தது. வெப்பமும் ஈரமும் பகலின் நீளமும் அறைக்கு அறை வேறுபடும். செடிகள் தள்ளுவண்டிகளில் ஏறி, ஒரு பருவத்திலிருந்து இன்னொரு பருவத்துக்கு என, அறை மாறிக்கொண்டிருந்தன. திபேரியஸின் சக்கரங்கள் அறிவியலின் வீட்டுக்குள் வந்துவிட்டன.

இங்கே கதையில் ஒரு கிளை சேர்கிறது. அது புத்தகங்களின் கிளை என்பது நம்மைப் போன்றவர்களுக்கு இனிய செய்தி. 1962இல் ஜெர்மனியின் க்யூட்டர்ஸ்லோ நகரில் பெர்ட்டல்ஸ்மான் பதிப்பகத்துக்காக உயரடுக்குக் கிடங்கு ஒன்று கட்டப்பட்டது. அவ்வகைக் கிடங்குகளின் முன்னோடியாக அது கருதப்படுகிறது. வீடு தேடிப் புத்தகம் அனுப்பும் புத்தகக் கழகத்தைப் பெரிய அளவில் நடத்திவந்த நிறுவனம் அது. பக்கவாட்டில் பரவ வேண்டிய கிடங்கை மேல்நோக்கி உயர்த்தி, அடுக்குகளுக்கு இடையே ஓடும் தூக்கியைக் கொண்டு சரக்கை வைக்கவும் எடுக்கவும் வழி செய்தார்கள்.

இரண்டே ஆண்டுகள் கழித்து, 1964இல் வியன்னாவில் நடந்த பன்னாட்டுத் தோட்டக்கலைக் கண்காட்சியில் ஒரு கண்ணாடிக் கோபுரம் நின்றது. அதை அமைத்தவர் ஒத்மார் ருத்னர் என்ற ஆஸ்திரியப் பொறியாளர். கோபுரத்துக்குள் செடித்தட்டுகள் முடிவில்லாச் சங்கிலியில் கோக்கப்பட்டு மெல்ல மேலேறி, உச்சியைத் தொட்டு, மறுபுறம் கீழிறங்கின. ஐரோப்பியப் பழைய அலுவலகங்களில் நிற்காமல் சுழலும் 'பாட்டர்நாஸ்டர்' மின்தூக்கியின் அமைப்பு அது. ஜெபமாலையின் மணிகள்போல் பெட்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக வருவதால், 'எங்கள் பிதாவே' என்று பொருள்படும் லத்தீன் சொற்களே அந்த மின்தூக்கிக்குப் பெயராயின. ஒவ்வொரு செடிக்கும் முறைவைத்து வெயில் கிடைத்தது. தோட்டக்காரர் கீழே நின்றபடியே தம்மிடம் வரும் தட்டைக் கவனித்தால் போதும். ஐரோப்பாவில் வேறு சில இடங்களிலும் இத்தகைய கோபுரங்கள் எழுந்தன. எனினும் அவை வேரூன்றவில்லை. உயர்ந்த கண்ணாடிக் கூடு குளிர்காலத்தில் வெப்பத்தை வேகமாக இழக்கும். அதைச் சூடாக வைத்திருக்க எரிபொருள் வேண்டும்.

க்யூட்டர்ஸ்லோவையும் வியன்னாவையும் அருகருகே வைத்துப் பார்த்தால் இம்முயற்சியின் அடிப்படைச் சிக்கல் புலப்படும். இருட்டில் ஓராண்டு கிடந்தாலும் புத்தகம் புத்தகமாகவே இருக்கும். கிடங்குக்கு அதனால் பெருஞ்செலவில்லை. செடியோ கிடங்குக்குள்ளும் உண்கிறது, குடிக்கிறது, மூச்சுவிடுகிறது, வளர்ந்து அடுத்த தட்டை முட்டுகிறது. அதை அடுக்கிவைக்கும் ஒவ்வொரு நாளுக்கும் வெளிச்சத்தால் வாடகை கட்ட வேண்டும். அடுக்குகள் நெருங்க நெருங்க, மேல்தட்டின் நிழல் கீழ்த்தட்டின்மேல் விழும். சூரியன் ஒன்றுதான், அதை அடுக்க முடியாது.

அடுக்கக்கூடிய சூரியன் மெல்ல மெல்ல வந்தது. பழைய சோடியம் விளக்குகள் மிகுதியாகச் சூடேறுவன. செடிக்கு மிக அருகில் வைத்தால் இலை கருகும். 1962இல் நிக் ஹோலன்யாக் கண்ணுக்குத் தெரியும் சிவப்பு ஒளியுமிழ் டையோடை உருவாக்கினார். அவ்விளக்கில் செடி வளர்க்கும் ஆய்வுகளுக்கு விண்வெளித் தேவையை முன்னிட்டு நாசா ஆதரவளித்தது. கென்னடி விண்வெளி மையத்தில், பழைய விண்கலச் சோதனைக்குப் பயன்பட்ட உலோகக் கலம் ஒன்றையே அடுக்கு வயலாக மாற்றி, 1988இல் கோதுமை விளைவித்தார்கள். அங்கே எரிந்தவை இன்னும் சோடியம் விளக்குகளே. 1993இல் ஜப்பானில் ஷுஜி நாகமுரா பொலிவான நீல டையோடைக் கொண்டுவந்தார். அத்துறைப் பணிக்காக அகாஸாகி, அமானோ ஆகியோருடன் 2014இல் அவருக்கு நோபெல் பரிசு கிடைத்தது. இலையின் பச்சையம் பெரிதும் உறிஞ்சுவது சிவப்பையும் நீலத்தையுந்தான். இரண்டும் கைக்கு வந்தபின், சூடு குறைந்த விளக்கைச் சாண் உயரத்தில் பொருத்தித் தட்டுகளை நெருக்கி அடுக்க வழி பிறந்தது.

தொழில்நுட்பம் ஒருபக்கம் வளர, கனவுக்குச் சொல் வடிவம் தந்தவர் கொலம்பியா பல்கலைக்கழகப் பேராசிரியர் டிக்ஸன் டெஸ்பொமியே. 1999இல் அவரது வகுப்பறையில் மாணவர்களோடு தொடங்கிய விவாதம் 2010இல் 'செங்குத்துப் பண்ணை' என்ற நூலாயிற்று. நகரத்தின் அடுக்குமாடிகளிலேயே உணவு விளைந்தால் காடுகளை அழித்து உழவேண்டியதில்லை என்பது அவர் வாதம். பல வகுப்பறை விவாதங்கள் மணி அடித்ததும் முடிந்துவிடுகின்றன. இந்த விவாதம் முதலீட்டாளர்களின் செவிவரை எட்டியது.

அதன்பின் நடந்தது எழுச்சியும் வீழ்ச்சியும். 2011 ஆழிப்பேரலையால் பாதிக்கப்பட்ட ஜப்பானின் மியாகி மாவட்டத்தில், தாகாஜோ என்ற ஊரில், சோனியின் பழைய தொழிற்கூடத்துக்குள் மிராய் என்ற நிறுவனம் 2014இல் 17,500 டையோடு விளக்குகளை ஏற்றியது. நாளொன்றுக்கு 10,000 லெட்டூஸ் கீரை என்று உலகமெங்கும் செய்தி வந்தது. 2015இல் அந்நிறுவனம் நொடித்தது. அமெரிக்காவின் பிராடக், ஆண்ட்ரூ கார்னெகி 1875இல் எஃகு ஆலையையும் 1889இல் அந்நாட்டில் தமது முதல் பொது நூலகத்தையும் திறந்த ஊர். அங்கே 2020இல் 60,000 சதுர அடியில் ஃபிஃப்த் சீஸன் என்ற பண்ணை எழுந்தது. கார்னெகி மெல்லன் பல்கலைக்கழகத்தில் உருவான ரோபோத் திறமையின் கனி அது. அடுக்குகளிலிருந்து தட்டை எடுத்து, இடம் மாற்றி, அறுவடைக்குக் கொண்டுசெல்லும் வேலையை ரோபோக்களே பார்த்தன. 'ஐந்தாம் பருவம்' என்று பொருள்படும் பெயரைத் தாங்கிய அப்பண்ணை 2022 அக்டோபரில் மூடப்பட்டது. 2023இல் ஏரோஃபார்ம்ஸ் திவால் பாதுகாப்பு கோரியது; 2024இல் பவரி மூடப்பட்டது; 2025இல் பிளென்ட்டியும் திவால் பாதுகாப்பு கோரி நீதிமன்றம் சென்றது.

பயிர் வளராததால் இவை வீழவில்லை; எல்லா இடங்களிலும் பயிர் செழித்தே வளர்ந்தது. தோற்றது கணக்கு. 2021இல் வெளியான ஒரு பன்னாட்டுக் கணக்கெடுப்பின்படி, செங்குத்துப் பண்ணைகளில் ஒரு கிலோ விளைச்சலுக்குச் சராசரியாக 38.8 யூனிட் மின்சாரம் செலவாயிற்று. கண்ணாடி வீடுகளில் அது 5.4 யூனிட். லெட்டூஸ் கீரையின் எடையில் ஏறத்தாழ 95 விழுக்காடு நீர். இத்தனை மின்சாரமும் பெரும்பாலும் நீரைச் சுமக்கும் ஓர் இலைக்கே போயிற்று. 2022இல் மின்கட்டணமும் வட்டியும் ஒருசேர உயர்ந்தபோது, வெயிலை இலவசமாகப் பெறும் வயலோடு போட்டியிட முடியவில்லை. விதிவிலக்குகளும் உண்டு. ஜப்பானின் ஸ்ப்ரெட் நிறுவனம் கமேயோகாவில் 2007இல் தொடங்கிய பண்ணை, பல ஆண்டு நட்டத்தைப் பொறுத்துக்கொண்டு பின்னர் இலாபம் கண்டது. அதற்கு வேண்டியிருந்தது பொறுமை. அவசரமாக வந்த முதலீட்டிடம் அது இல்லை.

கீரையை மட்டுமே இவர்கள் வளர்த்ததற்கும் காரணம் உண்டு. ஒரு மாதத்தைச் சற்றே தாண்டினால் கீரை அறுவடைக்கு ஆயத்தமாகிவிடும். உயரம் குறைவு, வீணாகும் பகுதியும் குறைவு. தானியம் அவ்வாறன்று. 2020இல் வெளியான ஓர் ஆய்வு, பத்தடுக்குக் கட்டடத்தில் ஒரு ஹெக்டேர் பரப்பில் ஆண்டுக்கு 700 முதல் 1,940 டன் வரை கோதுமை விளைவிக்க இயலும் என்று கணக்கிட்டது. திறந்தவெளியின் உலகச் சராசரியான 3.2 டன்னைப்போல் பல நூறு மடங்கு. ஆனால் விளக்குக்கும் கட்டடத்துக்கும் ஆகும் செலவால் அது சந்தையில் நிற்காது என்பதையும் அதே ஆய்வு சொல்லிவிட்டது. உலகின் பசியைத் தீர்ப்பதாகக் கிளம்பிய முயற்சி, வசதியுள்ள நகரத்தாரின் சாலட் கிண்ணத்தோடு நின்றுபோனதற்கு இதுவே காரணம். திபேரியஸின் உணவுத்தட்டிலிருந்து நாம் அதிக தூரம் வந்துவிடவில்லை.

வெயிலை விட்டு விலகாதவர்களும் இருந்தார்கள். சிங்கப்பூரின் லிம் சூ காங் பகுதியில் 2012இல் வணிக முறையில் தொடங்கிய ஸ்கை கிரீன்ஸ் பண்ணையில், ஒன்பது மீட்டர் உயரச் சட்டங்களில் கீரைத்தொட்டிகள் நீரின் விசையால் மெல்லச் சுழன்று, முறைவைத்து வெயில் காய்ந்தன. ருத்னரின் ஜெபமாலையே வெப்பநாட்டில், சூடேற்றும் செலவின்றி, மறுபடி உருண்டது. எனினும், 2030க்குள் ஊட்டச்சத்துத் தேவையில் 30 விழுக்காட்டை உள்நாட்டிலேயே விளைவிப்பது என்று 2019இல் அறிவித்த இலக்கைச் சிங்கப்பூர் 2025இல் கைவிட்டு, 2035ஐ நோக்கிய வேறு இலக்குகளை வகுத்துக்கொண்டது.

அப்படியானால் குதிருக்குள் வயல் என்பது வீண் கனவா? அவ்வாறு சொல்ல எனக்கு மனம் ஒப்பவில்லை. வெயில் இலவசமாகக் கிடைக்கும் இடங்களில் அதை விலைக்கு வாங்கப் போனதுதான் தவறு. வெயிலே இல்லாத இடங்களில் கணக்கு வேறு. 2015 ஆகஸ்டில் பன்னாட்டு விண்வெளி நிலையத்தில் இருந்தவர்கள் தாங்கள் வளர்த்த செந்நிற லெட்டூஸை உண்டனர். அண்டார்ட்டிகாவின் நாய்மாயர் ஆய்வு நிலையத்துக்கு அருகே, ஜெர்மானிய விண்வெளி மையத்தின் முன்முயற்சியில் ஒரு கொள்கலனுக்குள் அமைந்த தோட்டம் 2018இல் இயங்கியது. 12.5 சதுர மீட்டர் பரப்பில், ஒன்பதரை மாதங்களில், 268 கிலோ காய்கறி விளைந்தது. பல வாரங்கள் சூரியன் எழாத நீண்ட இரவில், ஊதா விளக்கின் கீழ் ஒருவர் பறித்து எடுத்துவர, பனியில் அடைபட்டுக் கிடந்த சிலர் பகிர்ந்துண்டார்கள். அந்த விளைச்சலில் 67 கிலோ வெள்ளரிக்காய். பேரரசன் ஒருவனுக்காகப் பாத்திக்குச் சக்கரம் பூட்டிய அந்த முகமறியாத் தோட்டக்காரர்கள் இதைக் கண்டிருந்தால் மகிழ்ந்திருப்பார்கள் என்று தோன்றுகிறது.