கம்பியில்லாமல் கணினிக்கு வந்த போன் லைன்

கழனி மேட்டில் உட்கார்ந்து, செல்போனில் ஹாட்ஸ்பாட் போட்டு, மடிக்கணினியில் இதைத் தட்டிக்கொண்டிருக்கிறேன். பட்டணத்தில் இருக்கும் உங்களுக்கு இதில் அதிசயம் ஒன்றும் இருக்காது. ஆனால் ஒரு கம்ப்யூட்டரைக் கம்பி இல்லாமல் டெலிபோனோடு சேர்க்க இந்த ஊர்ப்பக்கம் எவ்வளவு பாடுபட்டார்கள் என்பது நம்மில் நிறைய பேருக்குத் தெரியாத கதை.

1990களில் ஒரு வீட்டுக்கு லைன் இழுக்க 30,000 ரூபாய்க்கு மேல் செலவு. அதில் பெரும்பங்கு தாமிரக் கம்பிக்கும் பள்ளம் தோண்டுவதற்கும் போனது. ஒரு மழை பெய்தால் ஜாயிண்ட்டில் தண்ணி இறங்கி லைன் செத்துடும். கிராமத்துக்குக் கம்பி கட்டுப்படியாகாது என்று யோசித்தவர்கள் நம்ம கிண்டி ஐ.ஐ.டி.காரர்கள்தான். பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலா குழுவும் மைடாஸ் கம்பெனியும் சேர்ந்து செய்ததுதான் கார்டெக்ட். டவரில் ஒரு பெட்டி, வீட்டுச் சுவரில் ஒரு பெட்டி. சுவர்ப் பெட்டியில் ஒரு பக்கம் சாதா போனைச் சொருகலாம், இன்னொரு பக்கம் கம்ப்யூட்டரை. மோடம் வேண்டாம். போன் பேசும்போதே நெட்டும் ஓடும், 35 கிலோபிட் வேகத்தில். பேசாதபோது 70. இன்றைக்குச் சிரிப்பு வரும், அன்றைக்கு அதுவே பெரிசு. நடுவில் மறைப்பு இல்லாவிட்டால் டவரிலிருந்து பத்து கிலோமீட்டர் வரை எட்டும்.

2001 கடைசியில் மதுரைக்குப் பக்கத்து மேலூர் வட்டாரத்தில் 'சாரி' என்ற திட்டத்தில் இதை வைத்து கிராமத்துக் கியோஸ்க்குகள் திறந்தார்கள். எம்.ஐ.டி., ஹார்வர்டு, ஐ.ஐ.டி., என்-லாக் நிறுவனம் எல்லாம் கூட்டு. கியோஸ்க்கில் கண்ணைப் படம் பிடித்து அரவிந்த் கண் மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். பிறப்புச் சான்றிதழ், முதியோர் பென்ஷன் மனு எல்லாம் தாலுகா ஆபீசுக்கு மெயிலில் போச்சு. பஸ் காசும் ஒரு நாள் கூலியும் மிச்சம். ஒரு மனுவுக்காக மூணு நாள் அலைந்தவனுக்குத்தான் அதன் அருமை தெரியும்.

அப்புறம்? ஆதரவாக இருந்த அதிகாரிகள் மாறினார்கள், மனுவுக்குப் பதில் வருவது நின்றது. வருமானம் கட்டுப்படியாகாமல் பல கியோஸ்க்குகள் மூடிவிட்டன. அலைவரிசை நல்லாத்தான் இருந்தது. அந்தப் பக்கம் எடுத்துப் படிக்க ஆள்தான் இல்லை.

அதே காலத்தில்தான் புளூடூத் வந்தது. 1994-இல் எரிக்சன் கம்பெனி தொடங்கிய வேலை. பேர் மட்டும் பழைய டென்மார்க் ராஜா ஒருத்தருடையது. சட்டைப்பையில் இருக்கிற செல்போனையே மோடமாக்கி, பத்து மீட்டருக்குள் இருக்கும் கம்ப்யூட்டரில் *99# போட்டால் ஜி.பி.ஆர்.எஸ். கிடைக்கும். வேகம் கார்டெக்ட் அளவுதான், சில சமயம் அதுவும் இல்லை. ஆனால் டவர் நடுவது யாரோ ஒருத்தர் கவலை, சுவர்ப்பெட்டி வேண்டாம், கியோஸ்க் வேண்டாம்.

அந்த போன்கள் 2006-லிருந்து எங்களுக்குப் பக்கத்திலேயே தயாராச்சு. சிங்கப்பெருமாள் கோவில் ஜி.எஸ்.டி. ரோட்டில் பிரிந்து ஒரகடம் வழியாகப் போனால் ஸ்ரீபெரும்புதூர், அங்கே நோக்கியா ஆலை. அதுவும் 2014 நவம்பரில் மூடிட்டாங்க.