அடியடுக்கில் கிடந்த சாவி

மனிதன் எழுதும் மூல நிரலைக் கணிப்பொறி அப்படியே இயக்குவதில்லை. 'கம்பைலர்' என்னும் மொழிமாற்றி அதைப் பொறிமொழிக்கு மாற்ற வேண்டும். மாற்றிய துண்டுகளை ஒன்றாக இணைக்க வேண்டும். அதன் பிறகே நிரல் ஓடும். இந்த வேலைக்குத் தொழிலில் 'பில்டு' என்று பெயர்; நாம் கட்டுதல் என்று சொல்லிக்கொள்வோம். வீட்டின் வரைபடம் சரியாக இருந்தால் மட்டும் போதுமா? கொத்தனார் அதன்படிதான் கட்டினாரா என்பதையும் பார்க்க வேண்டாமா? மென்பொருளிலும் அப்படித்தான்.

1976-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் ஸ்டீவ் ஜான்சன் என்ற அறிஞர் ஒரு காலைப்பொழுதை முழுவதுமாக வீணாக்கினார். தம் நிரலிலிருந்த பிழையை அவர் முன்பே திருத்திவிட்டார். ஆனால் திருத்திய கோப்பை மீண்டும் மொழிமாற்ற மறந்துவிட்டார். ஆகவே ஓடிக்கொண்டிருந்தது பழைய நிரல். அவர் தலையைப் பிய்த்துக்கொண்டு பார்த்ததோ சரியாக இருந்த புதிய மூலம்! எரிச்சலோடு சக அறிஞர் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மனின் அறைக்குள் நுழைந்து முறையிட்டார். ஃபெல்ட்மனும் முந்தின நாள் மாலை இதேபோல நேரத்தைத் தொலைத்தவர். அந்த வார இறுதியில் அவர் எழுதிய கருவிதான் 'மேக்'.

மேக் செய்யும் வேலை மிக எளியது. எந்தக் கோப்பு எதிலிருந்து பிறக்கிறது என்று அதற்கு ஒருமுறை எழுதிக் கொடுத்துவிட வேண்டும். மூலத்தின் நேரமும் அதிலிருந்து பிறந்த கோப்பின் நேரமும் ஒப்பிடப்படும். மூலம் புதியதாக இருந்தால் அந்தப் பகுதி மட்டும் மறுபடி கட்டப்படும். மனிதனுடைய மறதிக்கு அங்கே இடமில்லை.

ஒருவர் எழுதிய நிரலுக்கு இது போதும். ஐம்பது பேர் சேர்ந்து எழுதினால்? ஒருவர் செய்யும் மாற்றம் இன்னொருவரின் பகுதியை உடைத்துவிடும். யாராவது புதிய மூலத்தைச் சேர்த்தவுடன் முழுவதையும் கட்டிச் சோதித்து முடிவை அறிவிக்கும் காவல்காரக் கணிப்பொறி ஒன்று தேவைப்பட்டது. 2001-இல் 'க்ரூஸ் கண்ட்ரோல்' வந்தது. 2005-இல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனத்தில் பணியாற்றிய கோசுகே கவாகுச்சி 'ஹட்சன்' என்பதை வெளியிட்டார். தம் மாற்றங்களால் கட்டுமானம் உடைவதைப் பிறர் சொல்வதற்கு முன் தாமே அறிந்துகொள்ளத்தான் அதை எழுதினாராம்! அதன் வழிவந்த 'ஜென்கின்ஸ்' 2011-இல் அப்பெயர் பெற்றது. கட்டுதல், சோதித்தல், அனுப்புதல் என்று ஒன்றன்பின் ஒன்றாக வேலைகள் தாமே நடக்கும் இந்த ஏற்பாட்டைப் 'பைப்லைன்' என்கிறார்கள்.

இன்னொரு தொல்லை மிச்சமிருந்தது. நிரல் தனியாக ஓடுவதில்லை. நூலகக் கோப்புகள், அமைப்புகள் எனப் பலவற்றை அது நம்பியிருக்கிறது. எழுதியவரின் கணிப்பொறியில் ஓடும் நிரல் வேறிடத்தில் படுத்துவிடும். 'என் பொறியில் ஓடுகிறதே' என்பது நிரலர்களின் பழைய பல்லவி.

இதற்குக் கிடைத்த விடையின் பெயர் கப்பல் துறையிலிருந்து வந்தது. 1956 ஏப்ரல் 26 அன்று மால்கம் மெக்லீனின் 'ஐடியல் எக்ஸ்' கப்பல் 58 பெட்டிகளுடன் நியூவார்க்கிலிருந்து ஹூஸ்டனுக்குப் புறப்பட்டது. உள்ளே என்ன சரக்கு என்பதைப் பற்றிக் கவலைப்படாமல் பெட்டியோடு தூக்கி வைக்கும் முறை அது. நம் சாலைகளில் கன்டெய்னர் லாரிகளைப் பார்த்திருப்பீர்கள். நிரலையும் அதற்கு வேண்டிய எல்லாக் கோப்புகளையும் ஒரே பெட்டகத்தில் அடைத்துவிட்டால் என்ன? 1979-ஆம் ஆண்டின் யூனிக்ஸ் ஏழாம் பதிப்பிலேயே, ஒரு நிரலுக்குக் கோப்பு மரத்தின் ஒரு கிளையை மட்டும் காட்டி மற்றவற்றை மறைக்கும் வசதி இருந்தது. பின்னர் லினக்ஸில் வேறு தடுப்புகளும் சேர்ந்தன. இவற்றையெல்லாம் எளிதாகக் கையாளும் 'டாக்கர்' என்னும் கருவியை, 2013 மார்ச்சில் அமெரிக்காவில் நடந்த பைத்தான் மாநாட்டில் ஐந்தே நிமிடப் பேச்சில் சாலமன் ஹைக்ஸ் அறிமுகப்படுத்தினார்.

பெட்டகத்தை உருவாக்கும் மூலப் பிரதிக்கு 'இமேஜ்', அதாவது படிமம், என்று பெயர். இயற்பியல் மாணவர்கள் இதை ஆடியில் தெரியும் பிம்பம் என்று எண்ணிவிட வேண்டாம். இது வெறும் கோப்புகளின் கட்டு. இதைக் கட்டும் முறைதான் கவனிக்கத் தக்கது. 'டாக்கர்ஃபைல்' என்ற கோப்பில் வரிசையாகக் கட்டளைகள் இருக்கும். கோப்புகளை மாற்றும் ஒவ்வொரு கட்டளைக்கும் ஓர் அடுக்கு உருவாகும். எந்தக் கட்டளையும் அதற்குரிய கோப்புகளும் மாறவில்லையோ அந்த அடுக்கை மறுபடி கட்டாமல் பழையதையே எடுத்துக்கொள்ளும். ஃபெல்ட்மனின் எண்ணமேதான்.

இந்த அடுக்குகளின் இயல்பை வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். மூன்று ஒளிபுகும் தாள்களை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் தாளில் ஒரு வீடு வரையுங்கள். இரண்டாவதில் ஒரு சாவி. மூன்றாவதில், சாவி தெரியும் இடத்துக்கு நேராக ஒரு வெள்ளைக் காகிதத் துண்டை ஒட்டுங்கள். மூன்றையும் அடுக்கி மேலிருந்து பாருங்கள். வீடு தெரிகிறது, சாவி தெரியவில்லை. சாவி அழிந்துவிட்டதா? இல்லை. தாள்களைப் பிரிக்கத் தெரிந்தவர் எவரும் அதை எடுத்துக்கொள்ளலாம். ஓர் அடுக்கில் வைத்த கோப்பை அடுத்த அடுக்கில் 'நீக்கு' என்றால், படிமத்தில் நடப்பது இதுவே.

இது ஏட்டுச் சுரைக்காய் அன்று. நிரலின் எந்தெந்த வரிகள் சோதிக்கப்பட்டன என்று அளந்து சொல்லும் 'கோட்கவ்' என்ற அமெரிக்க நிறுவனம், பொதுமக்கள் எடுத்துக்கொள்ளும்படி ஒரு படிமத்தை வெளியிட்டிருந்தது. அதன் இடை அடுக்கொன்றில் அந்நிறுவனத்தின் சேமிப்பகத்துக்குரிய இரகசியச் சாவி சிக்கியிருந்தது. யாரோ ஒருவர் அதைத் தோண்டி எடுத்தார். 2021 ஜனவரி 31 முதல், அந்தச் சாவியைக் கொண்டு சேமிப்பகத்திலிருந்த ஒரு சிறு நிரலை அவ்வப்போது மாற்றினார். அந்நிறுவனத்தின் வாடிக்கையாளர்கள் தங்கள் பைப்லைன்களில் தாமே இறங்கி ஓடும்படி வைத்திருந்த நிரல் அது! அந்தப் பைப்லைன்களில் இருந்த கடவுச்சொற்களும் சாவிகளும் வெளியே போயின. 'ஹாஷிகார்ப்' நிறுவனம் தன் வெளியீடுகளுக்குக் கையொப்பமிடும் சாவியையே மாற்ற நேர்ந்தது. ஏறத்தாழ இரண்டு மாதங்கள் ஒருவருக்கும் இது தெரியவில்லை.

கண்டுபிடித்தவர் ஒரு வாடிக்கையாளர். ஒரு கோப்பு முழுவதையும் கணக்கிட்டு நிலையான நீளமுள்ள ஓர் எண்ணாகச் சுருக்க முடியும்; அதற்கு 'ஹாஷ்' என்று பெயர். கோப்பில் ஓர் எழுத்து மாறினாலும் எண் முற்றிலும் மாறிவிடும். பொதுவில் வைக்கப்பட்ட மூலத்தின் ஹாஷும், தமக்கு வந்துசேர்ந்த நிரலின் ஹாஷும் ஒத்துப்போகவில்லை என்பதை அவர் கவனித்தார். ஏப்ரல் முதல் நாள் செய்தி நிறுவனத்துக்குத் தெரிந்தது. எல்லோரும் படித்துப் பார்க்கக்கூடிய மூலம் தூய்மையாகவே இருந்தது, ஓடியது வேறு.

பெல் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த கென் தாம்சன் 1984-இல் வெளியான தம் டூரிங் பரிசுச் சொற்பொழிவில் இதைவிடக் கொடிய ஒன்றைக் காட்டியிருந்தார். மொழிமாற்றியையே கெடுத்துவிட்டால், தூய மூலத்திலிருந்தும் நஞ்சு கலந்த நிரல் பிறக்கும். அந்த மொழிமாற்றியின் மூலத்தைத் தேடினாலும் அங்கே ஒன்றும் தென்படாது. அன்று அது அறிஞர்களின் விளையாட்டாகத் தோன்றியிருக்கலாம். 2020 டிசம்பரில் வெளிப்பட்ட 'சோலார்விண்ட்ஸ்' விவகாரத்தில், நிறுவனத்தின் கட்டும் பொறிக்குள் புகுந்தவர்கள் கட்டுகிற வேளையில் மட்டும் ஒரு மூலக் கோப்பை மாற்றி வைத்தார்கள். அந்த வெளியீடு சுமார் 18,000 வாடிக்கையாளர்களிடம் போய்ச் சேர்ந்தது.

கட்டும்போது மட்டும் சாவியைக் காட்டி, எந்த அடுக்கிலும் பதியாமல் பார்த்துக்கொள்ளும் வசதி டாக்கரில் 2018-லேயே வந்துவிட்டது என்பதையும் சொல்ல வேண்டும். வசதி இருப்பது வேறு, அதைப் பயன்படுத்துவது வேறு.

கட்டும் பொறியை எப்படிச் சோதிப்பது? ஒரே மூலத்தை இரண்டு பேர் வெவ்வேறு இடங்களில் கட்டி, ஹாஷ் எண்களை ஒப்பிட வேண்டும். ஒத்துப்போனால் இடையில் யாரும் கைவைக்கவில்லை என்று பெரும்பாலும் நம்பலாம். டெபியன் திட்டத்தினர் 2013 முதல் இம்முயற்சியில் ஈடுபட்டிருக்கிறார்கள். செய்து பார்த்தபோது ஒரு வேடிக்கை தெரிந்தது: கள்ளமே இல்லாதபோதும் எண்கள் ஒத்துப்போவதில்லை. இன்று காலை கட்டியதும் மாலையில் கட்டியதும் வேறுபடுகின்றன. காரணங்களில் முக்கியமானது, கட்டிய நேரம் கோப்புகளுக்குள் பதிந்துவிடுவதுதான். ஃபெல்ட்மனுக்குக் கைகொடுத்த அதே நேரக் குறிப்பு! இப்போது பல கட்டும் கருவிகளுக்கு, உண்மையான நேரத்துக்குப் பதிலாக, மூலம் கடைசியாக மாறிய நேரத்தையே கொடுத்துவிடுகிறார்கள்.