கிள்ளான் கொசு யாரைக் கடித்தது?

1901 ஜனவரியில் மால்கம் வாட்சன் மலாயாவின் கிள்ளான் மாவட்ட மருத்துவராக வந்து சேர்ந்தபோது, ஊரை ஒட்டியே சதுப்புக்காடு இருந்தது. அந்த செப்டம்பரில் சுவெட்டன்ஹாம் துறைமுகம் திறக்கப்பட்டது. சில வாரங்களுக்குள் துறைமுக வேலையாட்கள் குளிர்காய்ச்சலில் கொத்துக்கொத்தாக விழுந்தார்கள். மலேரியாவைக் கொசு சுமக்கிறது என்று செகந்தராபாத்தில் ரொனால்ட் ராஸ் கண்டறிந்து அப்போது நான்கே ஆண்டுகள்தான். வாட்சன் காட்டை வெட்டச் சொன்னார், பள்ளங்களைத் தூர்த்தார், வாய்க்கால் இழுத்தார். 1901இல் கிள்ளான் ஊரிலிருந்து மருத்துவமனையில் சேர்ந்த மலேரியா நோயாளிகள் 334 பேர். 1905இல் 12 பேர்.

சமவெளியில் பலித்த வைத்தியம் மேட்டில் பலிக்கவில்லை. ரப்பருக்காகக் குன்றுகளை மொட்டையடித்ததும் வெயில் பட்ட தெளிந்த ஓடைகளில் அனோபிலிஸ் மாகுலாட்டஸ் பெருகியது. கங்காணியோடு கப்பலேறி வந்து லயங்களில் குடியிருந்த தமிழர்கள் அதற்கு எளிதில் இரையானார்கள். நிழலில் வளரும் கொசு வேறு, வெயிலில் வளரும் கொசு வேறு. எந்தக் கொசு என்று அறியாமல் மண்வெட்டியைத் தூக்கக் கூடாது என்று வாட்சன் கற்றார். தோட்டத் தொழிலாளர்கள் அந்தப் பாடத்துக்கு உயிரால் விலை கொடுத்தார்கள்.

ஆனால் கேள்வியின் மறுபாதி அரை நூற்றாண்டு காத்திருந்தது. அந்தக் கொசு யாரைக் கடித்துவிட்டு வருகிறது?

கிள்ளான் சமவெளியில் பழி முழுவதும் அனோபிலிஸ் அம்ப்ரோசஸ் மேல் விழுந்திருந்தது. அதோடு சேர்த்து எண்ணப்பட்ட ஓர் உறவுக்கொசுவை 1944இல் ஏ. ஏ. சந்தோஷம் தனி இனமாகப் பிரித்து லெட்டிஃபர் என்று பெயரிட்டார். கடலோரச் சமவெளியில் மனித மலேரியாவைப் பரப்புவதில் அதற்கும் பங்குண்டு. 1960களின் தொடக்கத்தில் இன்னொரு திருப்பம் வந்தது. அம்ப்ரோசஸின் உமிழ்நீர்ச் சுரப்பியில் கண்ட ஒட்டுண்ணிகளில் பல, மலாய்க் கதைகளில் தந்திரத்துக்குப் பெயர்போன சருகுமானுடையவை. நுண்ணோக்கியில் மனித ஒட்டுண்ணியையும் மானின் ஒட்டுண்ணியையும் அந்த நிலையில் வேறுபடுத்திப் பார்ப்பது கடினம். கொசு நோயைச் சுமந்தது உண்மை. அது நம்முடைய நோயாக இருக்கவேண்டியதில்லை.

கோலாலம்பூர் மருத்துவ ஆய்வு நிலையத்தில் பணியாற்றிய வார்ட்டனும் டான் ஐல்ஸும் 1961இல் குரங்கு மலேரியாவான நோலெசியைச் சுமக்கும் கொசுவை முதன்முதலாக இயற்கையில் கண்டுபிடித்ததும் சிலாங்கூர்க் கரையோரத்து ரந்தாவ் பஞ்சாங்கில்தான். அது ஹாக்கேரி என்னும் கொசு. மனிதரை அது நாடாது. குரங்குதான் அதற்கு வேண்டும்.

விலங்கினங்கள் பலவாக இருந்தால் கொசுக்கடி பங்கிடப்பட்டு நோய் நீர்த்துப்போகும் என்பது இன்று சூழலியலில் பெரிதாகப் பேசப்படும் கருத்து. வட அமெரிக்காவின் லைம் நோயை வைத்து அது புகழ்பெற்றது. கிள்ளான் வரலாறு அதற்கு ஒரு நிபந்தனை போடுகிறது. சருகுமானைக் கடித்த கொசு மனிதனுக்கு மலேரியா தருவதில்லை, மானின் ஒட்டுண்ணி நம் உடலில் பிழைக்காது. குரங்கைக் கடித்துவிட்டு மனிதனையும் கடிக்கும் கொசு இருந்தாலோ, அதே காட்டு விலங்கு நமக்கு நோயின் ஊற்றாகிவிடும். எத்தனை இனங்கள் என்ற எண்ணிக்கையை விட, எந்த இனத்துக்கும் எந்த இனத்துக்கும் இடையே கொசு போய்வருகிறது என்பதே முக்கியம்.

1965இல் பகாங் காட்டில் பணிபுரிந்த அமெரிக்கர் ஒருவருக்கு நோலெசி தொற்றியது உறுதியானது. அப்போது அது அரிய விபத்தாகவே கருதப்பட்டது. 2004இல் பல்பீர் சிங் குழுவினர் சரவாக்கின் காப்பிட் வட்டாரத்தில் நோயாளிகள் திரளாக இருப்பதைக் காட்டியபோதுதான் அந்த எண்ணம் மாறியது. கிள்ளான் பள்ளத்தாக்கின் வடக்கே உலு சிலாங்கூரில் இந்திரா வைத்திலிங்கம் உள்ளிட்ட ஆய்வாளர்கள் அனோபிலிஸ் இன்ட்ரோலேட்டஸ் கொசுவை நோலெசியோடு தொடர்புபடுத்தி 2014இல் எழுதினார்கள். மனிதரிடமிருந்து மனிதருக்கு உள்நாட்டில் பரவும் மலேரியா 2018 முதல் மலேசியாவில் பதிவாகவில்லை. குரங்கு மலேரியா மட்டும் ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கானோரை மருத்துவமனைக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறது. காட்டோரத் தோட்டங்களில் வேலை செய்வோரே அவர்களில் மிகுதி.